தன்மேற் பரிசோதனை: நெடுந்தூர ஓட்டமும் ஓர் அறவியல் வினாவும்

மருந்தொன்றைப் பிறர்மீது பரிசோதிக்க விழையும் மருத்துவர் இன்று பல வாயில்களைக் கடந்தே செல்லவேண்டியவராகிறார். நெறிமுறைக் குழுவின் அனுமதி, பரிசோதனைக்கு உட்படுவோர் யாவற்றையும் அறிந்து அளிக்கும் இசைவு, தீங்கு தோன்றின் இடையில் நிறுத்துவதற்கான ஏற்பாடு ஆகியன அவ்வாயில்கள். இரண்டாம் உலகப்போர்க்காலச் சிறைமுகாம்களில் மருத்துவர் சிலர் இழைத்த கொடுமைகளை விசாரித்த நியூரம்பேர்க் நீதிமன்றம் 1947 இல் வகுத்த பத்து விதிகள் அவற்றின் வளர்ச்சிக்கு அடிகோலின. அப்பத்தில் ஐந்தாவது விதி சிந்தனைக்குரியது. மரணமோ நிரந்தர ஊனமோ விளையும் என நம்புவதற்கு முன்கூட்டியே இடமிருப்பின் பரிசோதனையை நடத்தலாகாது என்று கூறும் அவ்விதி, பரிசோதிக்கும் மருத்துவர் தாமும் அதற்கு உட்படுவாராயின் ஒருவேளை விலக்கு இருக்கலாம் எனச் சிறியதொரு சாளரத்தைத் திறந்து வைத்திருக்கிறது. தன்னையே பணயமாக வைப்பவனுக்கு உலகம் இவ்வாறு தனியொரு மதிப்பை அளித்து வந்துள்ளது. அம்மதிப்பு எவ்வளவு தூரம் தகுதியானது என்பது பெரிய வினா. ஆயினும் அதனை ஆராய்வதற்குச் சிறிய களமொன்று போதும். பொழுதுபோக்காக நெடுந்தூரம் ஓடும் ஒருவர், வழக்கத்தில் இல்லாத பயிற்சி முறைகளைத் தம் உடலிற் செய்து பார்ப்பதே அக்களம்.

ஆராய்ச்சியின் வசதிக்காகக் கொடிகாமத்தில் வாழும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். நாற்பது வயதைத் தாண்டிய அரசாங்க எழுதுவினைஞர் அவர். கண்டி வீதியிலிருந்து பருத்தித்துறை வீதி பிரியும் சந்தியில், சந்தைக்குத் தேங்காயும் பலாப்பழமும் ஏற்றிய வண்டிகள் வந்து சேரும் விடியற்பொழுதில், அவர் வரணி நோக்கி ஓடத் தொடங்குகிறார். பாடசாலைக் காலத்தில் இல்ல மெய்வல்லுநர்ப் போட்டிக்கு முன்னர் நடைபெறும் மரதன் ஓட்டத்தில் ஓடியதே அவர் பெற்ற பயிற்சி. பதக்கம் எதையும் அவர் எதிர்பார்க்கவில்லை, பயிற்றுநரும் இல்லை. சில ஆண்டுகள் எல்லோரையும் போல ஓடியபின், பாதணியைக் கழற்றிவிட்டு ஓடிப் பார்க்கிறார். பின்னர் காலையுணவின்றி ஓடுகிறார். பின்னர் மூன்று மாதங்கள், நடப்பவர் முந்திச்செல்லக்கூடிய அளவுக்கு மெதுவாக மட்டும் ஓடுகிறார். சந்தியில் தேநீர் அருந்துவோர் சிரிக்கின்றனர். இவர் செய்வது அறிவுத்தேட்டமா, வீண் பிடிவாதமா? இவ்வாறு செய்ய இவருக்கு உரிமை உண்டா?

வழக்கத்துக்கு மாறானது என்னும் தொடரையே முதலில் ஐயுறவேண்டும். மேலைநாட்டு நகரமொன்றில் வெறுங்காலுடன் ஓடுவது புதுமை. கொடிகாமத்திலோ இரண்டு தலைமுறைக்கு முன்னர் வயலுக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் சென்ற பெரும்பாலானோர் வெறுங்காலுடனேயே சென்றனர். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்கு வாரக்கணக்காகப் பாதயாத்திரை செய்யும் அடியவர் பலர் இன்றும் பாதணி அணிவதில்லை. உணவின்றி உடலை இயக்குவதும் கந்தசட்டி விரதம் நோற்கும் ஊரில் அதிசயமாகாது. மறுபுறம், ஒக்லாந்திலோ மெல்பேணிலோ சாதாரணமான மலையேற்ற ஓட்டம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் நடைமுறைக்கே ஒவ்வாதது. அங்கே மலை என்பது கீரிமலை என்னும் பெயரில் மட்டுமே உண்டு. ஆகவே வழக்கம் என்பது இடத்தாலும் காலத்தாலும் அமைந்த ஒன்று. அதனை மீறுவது தன்னளவில் துணிவுமாகாது, பிழையுமாகாது.

1960 இல் உரோமாபுரியில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டி இவ்விடயத்தில் மிகச் செழுமையான சான்றாகும். செப்டெம்பர் 2 ஆம் நாள், ஒரு மணி நேரத்துக்குச் சற்றேறக்குறைய, நியூசிலாந்தைச் சேர்ந்த பீற்றர் ஸ்னெல் 800 மீற்றரிலும் மறே ஹல்பேர்க் 5,000 மீற்றரிலும் தங்கம் வென்றனர். இருவருக்கும் பயிற்றுநர் ஆதர் லிடியார்ட். அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் உடலியல் கற்றவரல்லர். பாதணித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். நண்பரொருவருடன் ஓடியபோது தம் உடல் எவ்வளவு தளர்ந்திருந்தது என்பதை உணர்ந்து, மனித உடல் எவ்வளவைத் தாங்கும் என்று தம்மிடமே சோதிக்கத் தொடங்கினார். வேலைக்கு முன்னும் பின்னுமாக ஓடி, வாரமொன்றில் 250 மைல் வரையும் சென்று பார்த்தார். மிகக் குறைவாகவும் ஓடிப் பார்த்தார். பல ஆண்டுகளின் பின் வாரத்துக்கு ஏறக்குறைய 100 மைல், அதாவது 160 கிலோமீற்றர், என்னும் அளவுக்கு வந்து சேர்ந்தார். 800 மீற்றர் ஓடுபவரும் வைற்றாக்கரே மலைத்தொடரில் 22 மைல் ஓடவேண்டும் என்று அவர் கூறியபோது அது பலருக்கு நகைப்பாயிருந்தது. உரோமாபுரிக்குப் பின் அந்நகைப்பு அடங்கியது. 1953, 1955 ஆகிய ஆண்டுகளில் அவர் தாமே நியூசிலாந்தின் மரதன் வெற்றியாளராக விளங்கியவர் என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது. பிறருக்கு விதித்ததைத் தாம் முன்னரே அனுபவித்திருந்தார்.

கதை இத்துடன் முடிந்திருப்பின் சுயபரிசோதனையாளரின் பக்கம் தீர்ப்பு எழுதிவிடலாம். ஆனால் அதே போட்டியில், நான்கு நாட்களின் பின், அவுஸ்திரேலியரான ஹேர்ப் எலியட் 1,500 மீற்றரில் உலக சாதனையுடன் வென்றார். அவருடைய பயிற்றுநர் பேர்சி செரற்றி, 1939 இல் உடலும் உளமும் முறிந்து, பின்னர் ஓட்டத்தாலும் உணவு மாற்றத்தாலும் தம்மை மீட்டுக்கொண்டவர். அவரும் தம் உடலிலிருந்தே கற்றார், கற்றதோ வேறு. அட்டவணைகளை அவர் வெறுத்தார். போட்சீயின் மணற்குன்றுகளில் ஏறி ஓடச் செய்தார். செப்டெம்பர் 10 ஆம் நாள் எதியோப்பியரான அபேபே பிகிலா வெறுங்காலுடன் மரதன் ஓட்டத்தில் வென்றார். வெறுங்காலின் மேன்மை நிறுவப்பட்டது எனச் சிலர் மகிழ்ந்திருக்கக்கூடும். 1964 இல் தோக்கியோவில் அதே பிகிலா பாதணி அணிந்து, முன்னதிலும் விரைவாக ஓடி, மீண்டும் வென்றார்.

நெடுஞ்சாலை, மணற்குன்று, வெறுங்கால், பாதணி என ஒன்றுக்கொன்று உடன்படாதவை யாவும் வெற்றி பெற்றிருக்கின்றன. வெற்றி முறையைச் சான்றுப்படுத்தும் என்ற நம்பிக்கை இங்கே தளர்கிறது. மணற்காட்டின் மணற்குன்றுகளுக்கு ஞாயிறுதோறும் செல்லும் கொடிகாமத்து ஓட்டக்காரர் செரற்றியைப் பின்பற்றுவதாக எண்ணலாம். ஆனால் எலியட்டை வெல்லச் செய்தது மணலா, எலியட்டின் இயல்பான ஆற்றலா, செரற்றியின் மீது அவர் கொண்ட நம்பிக்கையா என்பதை எலியட்டாலும் பிரித்துக் கூறியிருக்க இயலாது.

இதுவே சுயபரிசோதனையின் அறிவியற் குறைபாடு. அறவியற் குறைபாடும் இதிலிருந்தே பிறக்கிறது. தன்மேற் பரிசோதனை செய்பவர் ஒரே வேளையில் வழக்காளியும் சாட்சியும் நீதிபதியுமாகிறார். கொடிகாமத்து எழுதுவினைஞர் மெதுவோட்டத்தை ஏப்பிரல் மாதத்தில் தொடங்கியிருப்பின், ஆண்டின் மிகக் கடும் வெப்பத்தில் தொடங்கியிருப்பார். மார்கழியில் வாடைக்காற்று வீசும்போது அவர் விரைவாக ஓடுவது முறையின் பயனா, குளிர்ச்சியின் பயனா? சோளகம் வீசும் மாதங்களில் சந்தியிலிருந்து வரணிக்கு ஓடுபவரைக் காற்றுத் தள்ளிச் செல்லும், திரும்பும்போது மறிக்கும். போகும் வழியின் நேரத்தை மட்டும் குறித்துக்கொள்பவர் தம்மை ஏமாற்றிக்கொள்கிறார். இன்னொன்றும் உண்டு. மனிதர் புதுமுறையை நாடுவது பெரும்பாலும் தளர்ந்திருக்கும் காலத்திலேயே. மிகத் தாழ்ந்த நிலையின் பின் ஏதும் செய்யாதிருப்பினும் ஓரளவு ஏற்றம் இயல்பாகவே வரும். அவ்வேற்றத்தைப் புதுமுறை தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. பெரும்பாலான நாட்டு வைத்தியங்களின் புகழும், பல நவீன ஊட்டப்பானங்களின் புகழும் இவ்வாறு வளர்ந்தவையே.

பதக்கமோ பணமோ இல்லாத பொழுதுபோக்கு ஓட்டக்காரர் இவ்விடத்தில் தொழில்முறை வீரரைக் காட்டிலும் சுதந்திரமானவர் என்று எண்ணத் தோன்றும். தோற்பதற்கு அவருக்கு வசதி உண்டு. ஆனால் வேறு பரிசு எதுவும் இல்லாதவருக்குத் தம் கருத்துச் சரியாயிற்று என்னும் மகிழ்ச்சியே பரிசாகிவிடுகிறது. சந்தியில் சிரித்தவர்கள் முன் தோல்வியை ஒப்புக்கொள்வது பதக்கத்தை இழப்பதிலும் கடினம். ஒரு கொள்கை எந்த நிகழ்வால் பொய்யாகும் என்பதை முன்னரே கூறத் தயங்குபவர் அறிவியல் பேசவில்லை என்பது கார்ல் பொப்பரின் கருத்து. இன்ன திகதிக்குள் இன்ன மாற்றம் நிகழாவிடின் இம்முறையைக் கைவிடுவேன் என்று பயிற்சியைத் தொடங்குமுன் நாட்குறிப்பில் எழுதிவைக்கும் ஓட்டக்காரர் அரியவர். அவ்வாறு எழுதுவது நேர்மையின் பாற்பட்ட செயல். விளையாட்டு நுட்பம் மட்டுமல்ல.

அப்படியாயின் அறிஞர் வகுத்த வழக்கத்தையே பின்பற்றி அமைதியடைவது அறிவுடைமையாகாதோ எனின், நீர் பருகும் வழக்கத்தின் வரலாறு அதற்கு இடந்தரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், மரதன் ஓடுபவர் இடையில் நீர் பருகுவது பலவீனமாகக் கருதப்பட்டது. பின்னர் கருத்து நேர்மாறாயிற்று. தாகம் தோன்றுமுன்னரே பருகுக, வியர்வையாக இழந்ததை ஈடுசெய்யுமளவுக்கு அல்லது வயிறு தாங்குமளவுக்குப் பருகுக என்று 1996 இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி பரிந்துரைத்தது. 2002 ஆம் ஆண்டுப் பொஸ்ரன் மரதனில் ஓடியவர்களுள் 488 பேரின் குருதி ஆராயப்பட்டபோது, நூற்றுக்குப் பதின்மூவரில் சோடியத்தின் செறிவு இயல்பிலும் தாழ்ந்திருந்தது. அந்த ஓட்டத்திலேயே பெண்ணொருவர் இதன் காரணமாக உயிரிழந்தார். மிகையாகப் பருகியதே இதற்கு முதன்மைக் காரணம் எனக் காணப்பட்டது. தாகத்தைக் கேட்டுப் பருகினாற் போதும் என்று அதற்கு முன்னரே வாதிட்டவர்கள் வழக்கத்துக்கு மாறானவர்களாகவே கருதப்பட்டிருந்தனர். அரை நூற்றாண்டுக்குள் வழக்கம் இருமுறை தலைகீழாயிற்று. வியர்வை பெருகும் கொடிகாமத்து வெயிலில் ஓடுபவருக்கு இது ஏட்டுச் செய்தியன்று.

அரிஸ்ரோட்டில் இச்சிக்கலை ஓர் உடற்பயிற்சி உதாரணத்தாலேயே விளக்கினார். பத்துப் படி உணவு மிகை, இரண்டு படி குறை எனின், பயிற்றுநர் ஆறு படி என்று விதித்துவிட முடியாது. மல்லன் மிலோவுக்கு அது குறை, புதிதாகப் பயிலத் தொடங்குபவனுக்கு மிகை. ஓட்டத்துக்கும் மற்போருக்கும் இது பொருந்தும் என அவர் தொடர்கிறார். நடுநிலை என்பது பொருளின் நடு அன்று, ஆளைச் சார்ந்த நடு என்பது அவர் கொள்கை. திருக்குறளின் மருந்து அதிகாரமும் தன் உடலுக்கு ஒத்த அளவை அறிந்து உண்பதையே வலியுறுத்துகிறது. அளவு ஆளுக்கு ஆள் வேறுபடுமாயின், தன் அளவை அறிய முயல்வது உரிமை என்பதோடு ஒருவகையிற் கடமையுமாகிறது. அதனை அறிவதற்கோ செய்து பார்ப்பதைத் தவிர வழி இல்லை.

ஆயினும் செய்து பார்க்கத் தகாத வழக்கங்களும் உண்டு. இதனை உணர்த்த நூல் வேண்டியதில்லை. கொடிகாமத்திலிருந்து கண்டி வீதிவழியே தென்கிழக்காக முகமாலைக்குச் சென்றாற் போதும். போர் முன்னரங்காகப் பல ஆண்டுகள் இருந்த அந்நிலத்தில், 2009 இல் போர் முடிந்த பின்னரும் நீண்டகாலம் கண்ணிவெடி அகற்றும் பணி நடந்தது. சிவப்புப் பலகைக்கு அப்பால் கால் வைக்கலாகாது என்பது அங்கே யாரும் சோதித்துப் பார்க்கவேண்டிய கருத்தன்று. வழமையான பாதையை விட்டு விலகாதே என்னும் அறிவுரை வேறிடங்களில் உவமையாகலாம். அங்கே அது சொல்லின் நேர்ப்பொருள். அவ்வகை வழக்கம் பிறர் காலை இழந்து ஈட்டிய அறிவு. மெதுவாக ஓடிப் பார்ப்பது தவறாயின் மூன்று மாதங்கள் வீணாகும், மீண்டும் தொடங்கலாம். மார்பில் நோவு கண்டபின்னும் உடலைக் கடந்து செல்கிறேன் என்று ஓடுவது தவறாயின் மீளத் தொடங்குவதற்கு ஆள் இராது. சுயபரிசோதனைக்குரிய எல்லையை வழக்கம், புதுமை என்னும் சொற்களால் வகுப்பதைக் காட்டிலும், மீளக்கூடியது, மீளமுடியாதது என்னும் வேறுபாட்டால் வகுப்பது பொருத்தமாகும்.

உடல் அவருடையது, இழப்பும் அவருடையது என்று இதனை மறுப்பவர் யோன் ஸ்ருவட் மில்லைத் துணைக்கு அழைக்கலாம். தன்னை மட்டும் பாதிக்கும் செயலில் தனிமனிதன் தனக்குத் தானே அரசன் என்றவர் அவர். ஆனால் முழங்கால் கிழிந்து மூன்று மாதம் படுத்த எழுதுவினைஞரின் மனைவி, பிள்ளைகள், வயது முதிர்ந்த தாய் ஆகியோர் வாழும் வீட்டில், தன்னை மட்டும் பாதிக்கும் செயல் எது என்று தேடிக் காண்பது எளிதன்று. மில் இம்மறுப்பை அறிந்தவரே. பிறருக்கான கடமையை மீறும் இடத்தில் அவ்வுரிமை குறுகும் என ஒப்புக்கொண்டார். கான்ற் இன்னும் கடுமையானவர். தன்னை ஒரு கருவியாக மட்டும் நடத்தும் உரிமை எவருக்கும் இல்லை என்பது அவர் நிலை. ஓட்டக்காரர் தம் காலைப் பிறர் பொருளைப் போல ஈவிரக்கமின்றிச் சோதிக்கும்போது கான்ற் கூறியது நினைவுக்குரியது. எனினும் இக்கடுமை சற்று மிகையே. தம் ஆற்றலை அறிய விரும்புபவர் தம்மை இழிவுபடுத்துவதில்லை.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. சுயசரிதைக்குச் சத்திய சோதனை என்று பெயரிட்ட காந்தியடிகள் வாழ்நாள் முழுவதும் தம் உணவையும் உடலையும் சோதித்தவர். சோதனை என்னும் தமிழ்ச்சொல் ஆராய்தலையும் துன்பத்துக்கு உள்ளாதலையும் ஒருங்கே குறிப்பது அப்பெயருக்கு மிகப் பொருந்தியது. தம் முடிவுகள் இறுதியானவை அல்ல என்று முன்னுரையிலேயே அவர் கூறிவிடுகிறார். தாம் தோற்றதையும் மறைக்கவில்லை. பால் உண்ணா நோன்பு பூண்டிருந்த அவர் 1918 இல் நோயுற்று மரணத்தை அணுகியபோது ஆட்டுப்பாலை ஏற்றார். அதனை வெற்றியென்று அவர் எங்கும் எழுதவில்லை. இவ்வளவும் அவர் தம்மேற் செய்தது. ஆனால் பம்பாயில் மகன் மணிலால் நெருப்புக்காய்ச்சலால் வாடியபோது, மருத்துவர் முட்டையும் கோழிச்சாறும் கொடுக்கச் சொன்னதை மறுத்து, பத்து வயதுச் சிறுவனை நீர்ச்சிகிச்சைக்கு உட்படுத்தினார். தம் கொள்கைகளைப் பிள்ளைகள்மேல் சுமத்தப் பெற்றோருக்கு என்ன உரிமை என்னும் வினா அவ்விரவில் தம்மை வாட்டியதாக அவரே எழுதுகிறார். சிறுவன் பிழைத்தான். பிழைத்தது இறையருளாலா, நீர்ச்சிகிச்சையாலா, கவனமான பராமரிப்பாலா என்று யாரால் கூறமுடியும் என்றும் வினவுகிறார். அவ்வினாவில் வெளிப்படும் அறிவு நேர்மை போற்றத்தக்கது. ஆனால் அந்நேர்மையால் அவ்விரவின் செயல் நியாயமாகிவிடாது. மகன் பிழையாதிருந்திருப்பின் அதே வினாவை அவர் எவ்வாறு எழுதியிருப்பார்?

நெடுந்தூர ஓட்டத்தின் உலகிலேயே அண்மைக்கால நிகழ்வொன்று உண்டு. தென்னாபிரிக்கரான ரிம் நோக்ஸ், மருத்துவர், உடலியல் அறிஞர், பல மரதன்களை ஓடியவர். மிகை நீரின் ஆபத்தை முன்கூட்டியே எச்சரித்தவர்களுள் முதன்மையானவரும் அவரே. மாச்சத்து உணவை ஓட்டக்காரருக்குப் பரிந்துரைத்துத் தாம் எழுதிய புகழ்பெற்ற நூலின் பக்கங்களைக் கிழித்தெறியுமாறு பின்னாளில் அவரே கேட்டுக்கொண்டார். தம் உடலில் நீரிழிவைக் கண்டு உணவை மாற்றியதன் விளைவு அது. இதுவரை அவருடைய துணிவு வியப்புக்குரியது. 2014 இல் தாயொருவரின் வினாவுக்கு விடையாகக் குழந்தைக்கு ஊட்டும் முதல் உணவு பற்றியும் அதே திசையில் அவர் அறிவுரை வழங்கியபோது, அது தொழில்முறை விசாரணையாயிற்று. 2017 இல் அவர் குற்றமற்றவர் எனத் தீர்க்கப்பட்டது. 2018 இல் மேன்முறையீடும் அவ்வாறே முடிந்தது. தீர்ப்பு அவர் பக்கம் நின்றது சரியாகலாம். ஆனால் தம் உடலிற் பெற்ற உறுதி, கேட்காத உடல்களை நோக்கி எவ்வளவு விரைவாகப் பயணம் செய்கிறது என்பதற்கு அந்நிகழ்வு சான்றாகவே இருக்கும்.

கொடிகாமத்து எழுதுவினைஞரிடம் திரும்பலாம். மெதுவோட்டத்தால் அவர் உண்மையாகவே முன்னேறிவிட்டார் என்று கொள்வோம். சந்தியில் சிரித்தவர்கள் இப்போது ஆலோசனை கேட்கின்றனர். அயற் பாடசாலையின் விளையாட்டுப் பொறுப்பாசிரியர், மரதன் ஓட்டத்துக்குப் பிள்ளைகளைப் பழக்கித் தருமாறு அழைக்கிறார். அதுவரை அவர் செய்தவை யாவும் தம் இசைவோடு தம் உடலில் நிகழ்ந்தவை. வலி கண்டபோது நிறுத்தும் அதிகாரமும் அவரிடமே இருந்தது. பதினைந்து வயது மாணவனிடம் அவ்வதிகாரம் இல்லை. ஆசிரியரும் இல்லத்தோழரும் பார்த்திருக்க, நிற்க விரும்பினும் அவன் நிற்கமாட்டான். தாமே முதலிற் பட்டனுபவித்தது என்னும் தகுதி, நியூரம்பேர்க் விதி திறந்து வைத்த அச்சாளரம், இவ்விடத்தில் ஒன்றுக்கும் உதவாது.

அதற்காக வழக்கமான முறையே பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்று கூறுவதும் இயலாது. 2024 மார்ச் மாதத்தில் அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவிலில், பாடசாலை மரதன் ஓட்டத்தில் ஓடிய 16 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அங்கே புதுமுறை எதையும் எவரும் சோதிக்கவில்லை. ஆண்டுதோறும் நாடெங்கும் நடப்பதே நடந்தது. போதிய பயிற்சியின்றி, வெயில் ஏறிய பின்னும், மருத்துவ ஆயத்தம் குறைந்த நிலையில் பிள்ளைகளை ஓடவிடும் வழக்கம் எங்கெல்லாம் நிலவுகிறதோ, அங்கெல்லாம் அதுவும் ஒரு பரிசோதனையே. வேறுபாடு யாதெனின், அப்பரிசோதனைக்கு நாட்குறிப்பு இல்லை. எந்த நிலையில் நிறுத்துவது என்று எவரும் முன்னரே எழுதி வைக்கவில்லை. பிடிவாதக்காரராகிய எழுதுவினைஞர் தம் ஒரு சோடிக் கால்களுக்குக் காட்டிய கவனத்தை, வழக்கம் நூறு சோடிக் கால்களுக்குக் காட்டியதில்லை.

ஆகவே அவர் அப்பாடசாலைக்குச் செல்வதாயின் எடுத்துச் செல்லவேண்டியது மெதுவோட்ட முறையை அன்று. வெயிலுக்கு முன் தொடங்கும் நேரம், இடையில் நின்றால் இழிவில்லை என்னும் உறுதி, முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றை அவர் பொறுப்பாசிரியரிடம் கேட்கலாம். இவை புதியனவல்ல, எவரும் மறுக்காதவை, ஆனாற் செய்யப்படாதவை. அவர் எவ்வாறு ஓடினார் என்று மாணவனொருவன் தனியே கேட்பானாயின், நாட்குறிப்பை அவனிடம் கொடுத்துவிடலாம். குதிநாண் நொந்து ஓடாதிருந்த மாசி மாதமும், உணவின்றி ஓடி வரணியில் மயங்கி அமர்ந்த காலையும், காரணம் தெரியவில்லை என்று எழுதிய பக்கங்களும் அதில் இருக்கும். வேகமாக ஓடிய நாளின் பக்கத்தை மட்டும் அவன் பிரதி செய்துகொள்ளக்கூடும். அவ்வாறு செய்யும் வயதுதான் அவனுக்கு.